மருந்து கொடுக்கும் கை



தருமபுரி என்று இன்று நாம் வழங்கும் ஊரின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட வாழ்வு தரவல்ல அரிய நெல்லிக்கனி ஒன்றைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பது நீங்கள் பள்ளியில் பயின்ற செய்தி. வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாகவே இதனை ஆசிரியர்கள் எடுத்துரைப்பர். நானோ நலவாழ்வுப் பணியாளர்களுக்குப் பாடம் சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தவன். ஆதலின் இக்கதையில் வேறொன்று என் கண்ணில் படுகிறது. அக்கனியின் பயன் இன்னது என்று அதியமான் முன்னதாகச் சொல்லவில்லை. ஔவையும் கேட்டுத் தெளிந்து உண்ணவில்லை. கொடுத்த கை யாருடையது என்பது அவருக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

மருந்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் உள்ளன. மருந்து கொடுக்கும் கையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அறிமுகமில்லாத கையிலிருந்து எவரும் எளிதில் மருந்து வாங்கி உண்பதில்லை; தம் பிள்ளைக்குக் கொடுப்பது அதனினும் அரிது. பொது நலவாழ்வுப் பணியில் இருப்போர் தாம் தொண்டு செய்யும் மக்களுடைய பேச்சு, உணவு, நாணம், அச்சம், தெய்வம், சடங்கு ஆகியவற்றை அறிந்து நடந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வறிவை வெறும் நற்குணமாக விட்டுவிடாமல் பயிற்சியாகவே கொடுத்தல் கூடும். இதனை ஆங்கிலத்தில் ‘கல்ச்சுரல் காம்பிடென்ஸ்’ என்பர். நாம் பண்பாட்டறிவுப் பயிற்சி என்று சொல்லிக்கொள்வோம். அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

“நோய்க்கிருமிக்கு மலை என்றும் நாடு என்றும் வேற்றுமை உண்டோ? மருந்து எல்லோருக்கும் ஒன்றுதானே? இதில் பண்பாடு எங்கிருந்து வந்தது?” என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கிருமிக்குப் பண்பாடு இல்லை. ஆனால் அக்கிருமியைத் தன் உடலில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு நடந்து வர வேண்டியவருக்குப் பண்பாடு உண்டு. அவர் வராவிடில் மருந்து அலமாரியிலேயே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்லுகிறேன். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாளாயிற்று. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குள் நுழைகிறார். மடியில் குழந்தையை வைத்திருக்கும் பாட்டி, “உச்சி விழுந்துபோச்சும்மா, தோஷம் தட்டியிருக்கு” என்கிறார். செவிலியர் படித்தவர். “தோஷமாவது ஒன்றாவது, இதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஒரே வீச்சில் வெட்டிவிடுகிறார். பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். செவிலியர் கொடுத்த பொட்டலம் மாடத்தில் ஏறிவிடுகிறது. குழந்தை மந்திரிப்பவரிடம் போகிறது.

இங்கே யார் கண்டது சரி? குழந்தையின் தலை உச்சியில் எலும்பு இன்னும் கூடாத மென்மையான குழி ஒன்று உண்டு. உடலில் நீர் வற்றும்போது அக்குழி உள்ளே இறங்கும். மருத்துவக் கல்லூரியில் நீரிழப்பின் அடையாளங்களுள் ஒன்றாக மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவதும் இதுவே. பாட்டி அதனைப் புத்தகமின்றியே கண்டிருக்கிறார். காரணத்தை வேறாகக் கொண்டார். கண்ட பொருள் மெய்யே. பயிற்சி பெற்ற செவிலியராயின், “ஆமாங்க ஆயா, உச்சி விழுந்துதான் இருக்குது. உள்ளே தண்ணி வத்திப்போச்சு. அது மேலே எழும்புற வரைக்கும் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துக்கிட்டே இருங்க” என்பார். பாட்டியின் சொல்லையே வாங்கி, அதன் மேல் மருந்தை ஏற்றி அனுப்பிவிடுகிறார். குழந்தை நீரும் குடியாமல் துவண்டு கிடந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்ல முடியும், பாட்டியும் கேட்பார்.

நான் பாடம் நடத்திய நாட்களில் புதிதாகச் சேர்ந்த மாணவியரிடம் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “உங்கள் வீட்டில் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்?” என்பேன். வகுப்பு முழுதும் மௌனமாக இருக்கும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார். தெரியாமல் அன்று, வெட்கத்தால். பிறகு யாரேனும் ஒருவர், “குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள்” என்று மெல்லச் சொல்வார். அவ்வளவுதான், மடை திறந்ததுபோல் பேச்சுப் பெருகும். மாந்தம் என்பர், உரம் விழுந்தது என்பர், கண்ணேறு என்பர், வசம்பு சுட்டுத் தடவுவது, மிளகாய் சுற்றிப் போடுவது என்று கரும்பலகை நிறைந்துவிடும். இவற்றை நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் வந்திருந்தார்கள்.

இதில் ஓர் உண்மை உண்டு. ஊர்மக்களிடம் மிகக் கடுமையாகப் பேசுவோர் பெரும்பாலும் வெளியூர்ப் பட்டணத்தார் அல்லர். அதே ஊரிலிருந்து ஒரு படி மேலே ஏறியவர்களே. ஏறிய படியை உறுதியாக்கிக்கொள்ளக் கீழ்ப்படியை உதைப்பது மனித இயல்பு போலும். ஆதலால் இப்பயிற்சி மலைவாழ் மக்களைப் பற்றிய பாடமாக மட்டும் அமைதல் போதாது. பயிற்சி பெறுபவர் தம் பாட்டியைப் பற்றி மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் செய்வதே இதன் முதற்பகுதி.

கரும்பலகையில் நிறைந்த வழக்கங்களை அடுத்து மூன்று கூடைகளில் இடச் சொல்வேன். உயிருக்குக் கேடு தருவன ஒரு கூடை. நன்மையும் தீமையும் இல்லாதன ஒரு கூடை. நன்மை தருவன ஒரு கூடை. மாணவியருக்கு வியப்பு உண்டாவது இங்கேதான். முதற்கூடையில் விழுவன மிகச் சில. பிறந்த குழந்தையின் தொப்புட்கொடியில் சாணமோ சாம்பலோ வைத்தல். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்தல். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்குத் தண்ணீர் கொடாமை. பிள்ளை பெரிதாகிவிட்டால் பேறு கடினமாகும் என்று அஞ்சிக் கருவுற்றவள் வயிற்றைக் காயப்போடுதல். இவற்றை விட்டுவைத்தல் ஆகாது. ஆனால் வேப்பிலை செருகுவதும், மந்திரித்த கயிறு கட்டுவதும், மை தீற்றுவதும், பேறு முடிந்தவளை நடுவீட்டில் தனியே படுக்கவைப்பதும் நடுக்கூடையைச் சேர்ந்தவை. நம் பணியாளர்கள் தம் வலிமையில் பெரும்பகுதியை இந்த நடுக்கூடையோடு போரிட்டே வீணாக்கிவிடுகிறார்கள். கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு ஊசி போட வருபவருக்குக் கதவு திறப்பதில்லை. கயிறு அதன் போக்கில் இருக்கட்டும். ஊசியும் போட்டுக்கொள்ளட்டும் என்பவருக்குத் திறக்கிறது.

மக்களது நம்பிக்கையை மருந்துக்கு வாகனமாக்கும் இம்முயற்சி புதியதன்று. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரையைத் தமிழ் மாணவர் அறிவர். திருக்குறளில் ஈடுபட்டு அதன் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், எல்லீசன் என்று தமிழர் கொண்டாடியவர், 1819இல் மறைந்தவர். அம்மைப்பால் வைக்கும் முறை அப்போதுதான் இந்நாட்டிற்கு வந்திருந்தது. அம்மை நோய் மாரியம்மனின் வருகை என்று கருதிய மக்கள் அதனை ஏற்கத் தயங்கினர். பசுவின் மடியில் தோன்றும் அம்மைப்பால் தெய்வத்தின் கொடையே என்று காட்டும் ஒரு பனுவலை எல்லிஸ் இயற்றினார். பழமை தோன்றும் வண்ணம் பழைய தாளில் எழுதி, எங்கோ கண்டெடுத்தது போல அதனைப் பரப்ப எண்ணினர் என்று அக்காலத்து ஆங்கிலேயர் குறித்து வைத்திருக்கின்றனர். எல்லிஸின் தமிழ்ப்பற்றில் எனக்கு ஐயமில்லை, நோக்கமும் நல்லதே. ஆயினும் இச்செயலை நான் ஏற்கவில்லை. மக்களின் நம்பிக்கையை அறிந்துகொள்வது வேறு. அறிந்துகொண்டு அதனைக் கொண்டே அவர்களை ஏமாற்றுவது வேறு. பொய் வெளிப்பட்ட நாளில் மருந்தும் பொய்யாகிவிடும் அன்றோ? பெரியம்மை கடைசியில் எவ்வாறு ஒழிந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் அந்நோய் இறுதியாக 1975இல் காணப்பட்டது. உலகினின்றே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று, நோய் கண்ட இடத்தைத் தேடி, அக்கம்பக்கத்தாருக்கு அம்மை குத்திய எண்ணற்ற பணியாளர்களின் கால்நடையால் விளைந்தது அது. மாரியம்மன் கோயில்கள் அப்படியே இருக்கின்றன; ஆடி மாதக் கூழும் குறையவில்லை.

இனித் தருமபுரி மாவட்டத்திற்கு வருகிறேன். சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபரில் தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம், இடையிடையே மலைகள். அரூரிலிருந்து தீர்த்தமலை, கோட்டப்பட்டி வழியாகச் சென்றால் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அங்கே வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரென்று மயங்க வேண்டா. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. லம்பாடி மக்களின் தாண்டாக்களும் அப்பள்ளத்தாக்கில் உள்ளன. அவர்களுக்கு வீட்டுமொழி வேறு.

1993ஆம் ஆண்டில் இளம் மருத்துவர் இருவர் அங்கே வந்தனர். ஒருவர் மயக்கமருந்து வல்லுநரான டாக்டர் ரெஜி ஜார்ஜ். மற்றவர் அவருடைய துணைவியார், மகப்பேற்று மருத்துவரான டாக்டர் லலிதா ரெஜி. கேரளத்தில் மருத்துவம் பயின்றவர்கள். மலையாள நாட்டிலிருந்து மலையாளிகளிடம் வந்தவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதற்கு முன் காந்திகிராமத்தில் உள்ள மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். அவர்கள் வந்த காலத்தில் அப்பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 150க்குச் சற்றேறக்குறைய ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன என்று அவர்கள் எடுத்த கணக்கு கூறுகிறது. ஆறேழு குழந்தைகளுக்கு ஒன்று. அறுவை மருத்துவம் வேண்டுமானால் மலைவழியே நெடுந்தொலைவு சென்று பட்டணம் சேர வேண்டும். பேறுகாலத்தில் வழியிலேயே உயிர் போவது புதுமையன்று.

முதலில் எழுந்தது ஒரு குடிசை. ஊரார் கூடிக் கட்டியது. அக்குடிசையிலேயே பேறும் பார்த்தனர், அறுவையும் செய்தனர். ஏறத்தாழ மூன்றாண்டுக்குப் பின்னரே பத்துப் படுக்கை கொண்ட சிறு மருத்துவமனை உண்டாயிற்று. பிற்காலத்தில் அது மேலும் விரிந்தது. ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்பது அந்நிறுவனத்தின் பெயர். கட்டடத்தைப் பற்றி நான் நீட்டிச் சொல்லப்போவதில்லை. கட்டடம் பணத்தால் வருவது. அங்கே செவிலியராக நிற்பவர் யார் என்பதே நம் பேச்சுக்கு உரியது.

பட்டணத்துச் செவிலியரை அழைத்து வருதல் எளிதன்று. வந்தாலும் நிலைத்தல் அரிது. ஆகவே அவ்வூர்ப் பெண்களையே தேர்ந்து பயிற்றினர். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் அவர்களுள் இருந்தனர். அப்பெண்கள் நாளடைவில் பேறு பார்த்தனர். அறுவை அறையில் துணை நின்றனர். ஆய்வகத்தில் இரத்தமும் சளியும் சோதித்தனர். இது ஒரு வகை. ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் ஊரார் மதிக்கும் நடுவயதுப் பெண்ணொருவரைத் தேர்ந்து, ஊட்டம், தூய்மை, பேறுகால எச்சரிக்கைகள், எளிய கைமருந்து முதலியவற்றில் பயிற்சி தந்து, அவ்வூரிலேயே நலவாழ்வுத் துணையராக அமர்த்தியது மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையினரைப் பற்றி எண்ணும்தோறும் எனக்கு வியப்பாக இருக்கும். அவர்களுக்குப் பண்பாட்டறிவைக் கற்பிக்க வேண்டிய தேவையே இல்லை. எந்த வீட்டு மாமியாரிடம் எந்த நேரத்தில் பேசலாம், எந்தக் குடும்பத்தில் கருவுற்றதை எத்தனை மாதம் வெளியில் சொல்லமாட்டார்கள், கருவுற்றவள் எந்தக் காய்க்கு அஞ்சுகிறாள் என்பதெல்லாம் அவர்களுக்கு மூச்சு விடுவது போல. மருத்துவ அறிவை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தால் போதும். நாம் வழக்கமாகச் செய்வது இதன் தலைகீழ். மருத்துவம் அறிந்த வெளியாருக்கு மூன்று நாள் வகுப்பில் ஊரைக் கற்றுக்கொடுக்க முயல்கிறோம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் எது எளிது, எது நிலைக்கும் என்று என்னைக் கேட்டால், ஊரை அறிந்தவருக்கு மருந்தைக் கற்பிப்பதே எளிது என்பேன்.

பலன் உடனே வரவில்லை. ஆண்டுகள் பல சென்றன. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20ஐ ஒட்டி இறங்கியது என்று அந்நிறுவனத்தார் பதிந்துள்ளனர். மருத்துவமனை வேலை மட்டும் இதனைச் செய்திருக்க இயலாது. சாமையும் தினையும் உண்ட வீடுகளில் அவை குறைந்ததையும், உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன்பட்டுக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றதையும் மருத்துவர்கள் கண்டனர். உழவருடன் சேர்ந்து இயற்கை வேளாண்மைச் சங்கம் ஒன்று உருவாக உதவினர். லம்பாடிப் பெண்களின் மறைந்துகொண்டிருந்த பூத்தையல் ‘பொர்கை’ என்னும் பெயரில் மறுவாழ்வு பெற்றது. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருளாம். மருத்துவர்க்கு ஊசி நூலுடன் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். தன் கைவேலைக்கு மதிப்பு உண்டு என்று கண்ட பெண், தன் உடம்புக்கும் மதிப்பு உண்டு என்று கருதத் தொடங்குகிறாள். அவள் மருத்துவமனைக்கு வரும்போது தலை நிமிர்ந்து வருகிறாள், கேள்வி கேட்கிறாள்.

இதுபோன்ற முயற்சி வேறிடங்களிலும் உண்டு. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் பணியர், காட்டுநாயகர், குறும்பர் முதலிய குடிகளின் பெண்களே செவிலியராகப் பணியாற்றும் மருத்துவமனை 1990 முதல் நடைபெறுகிறது. மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் இருவர் 1986இல் பணி தொடங்கினர். மருத்துவமனைக்கு ஏன் வருவதில்லை என்று கோண்டு மக்களை அவர்கள் கேட்டனர். வெள்ளுடை எங்களுக்குப் பிணத்தின் உடை. உறவினரை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியை மட்டும் உள்ளே கொண்டுபோகிறீர்கள். அங்கே எங்கள் தெய்வமும் இல்லை என்று மறுமொழி வந்ததாம். பிறகு எழுந்த மருத்துவமனை பழங்குடிச் சிற்றூரைப் போன்ற குடில்களாய் அமைந்தது. தந்தேசுவரி தேவியின் பெயர் அதற்கு இடப்பட்டது. இதனை எல்லிஸ் செயலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே எவரும் பழைய ஏடு புனையவில்லை; மக்களைக் கேட்டார்கள், அவர்கள் சொன்னதைச் செய்தார்கள்.

நியூசிலாந்தில் மவோரி குலத்தைச் சேர்ந்த இரிஹாபெட்டி ராம்சுடன் என்னும் செவிலியர் இக்கருத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றார். செவிலியர் மவோரிப் பண்பாட்டைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதினால் போதாது என்றார் அவர். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கவனிப்பைப் பெற்றவரே என்பது அவர் கொள்கை. 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் இதனைச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. நம் நாட்டில் பயிற்சி முடிந்ததும் பயிற்சி பெற்றவரிடமே, நன்றாக இருந்ததா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குகிறோம். மலையில் இருக்கும் தாயை எவரும் கேட்பதில்லை.

இனி ஒரு தடையைப் பேச வேண்டும். இதனை விட்டுவிட்டால் என் பேச்சு இனிப்பாக முடிந்துவிடும், ஆனால் உண்மை குறைந்துவிடும். வழக்கம் என்பதெல்லாம் வணங்கத்தக்கதா? இதே மாவட்டத்தில் பெண்சிசுக்கொலை இருந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கு விரிந்தது. 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். இந்த எண்ணின் பின்னால் எத்தனை தொட்டில்கள் காலியாக இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். பண்பாடு என்ற பெயரால் இதனை மதிக்கச் சொல்வோர் எவரும் இலர். சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. இது முதற்கூடையிலும் அடியில் கிடப்பது.

ஆயினும் இதனை எதிர்க்கும்போதுதான் பண்பாட்டறிவு மிகுதியும் வேண்டப்படுகிறது. காவலர் போல் வந்து கணக்குக் கேட்டால் பிறப்பே மறைக்கப்படும். 1990களின் இறுதியில் டேனிஷ் உதவியுடன் நடந்த நலவாழ்வுத் திட்டத்தின் ஒரு பகுதியாக, தருமபுரி மாவட்டச் சிற்றூர்களில் கலைப்பயணம் ஒன்று நடத்தப்பட்டது. உள்ளூர்க் கலைஞர்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சென்றனர். தெருக்கூத்து வாழும் மண் இது. அந்த மண்ணின் கலையாலேயே அந்த மண்ணின் தீமையை நடுத்தெருவில் நிறுத்தினர். ஆட்சிப் பணி அலுவலரான ஷீலாராணி சுங்கத்தும், பொருளியலறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இம்முயற்சியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினர். பெண்சிசு இறப்பு குறைந்ததை அதில் காட்டினர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மாவட்டத்தின் அவ்விகிதம் 900ஐக் கடந்தது. இதற்குக் காரணம் ஒன்றல்ல. சட்டமும், படிப்பும், சிறு குடும்பமும், அரசின் உதவித்தொகைகளும் சேர்ந்தே உழைத்தன. ஆனால் ஊர் நடுவே ஒரு மாமியார் வேடம் ஏறி ஆடுகையில், அதைப் பார்த்து நின்ற மாமியார்கள் முகத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதை அறிக்கைத் தாள் எதுவும் சொல்லிவிட முடியாது.

ஒரு பண்பாட்டுக்குள் ஒரே குரல் மட்டும் இருப்பதில்லை என்பதை இதிலிருந்து காணலாம். மாமனார் பேசுவது பண்பாடு என்றால், அறைக்குள் அழுதுகொண்டிருக்கும் மருமகளின் குரலும் அதே பண்பாட்டைச் சேர்ந்ததே. பணியாளர் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு, இவ்வூர் வழக்கம் இதுதான் என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுதல் கூடாது. இளவயதுத் திருமணம் பற்றியும் இவ்வாறே. பதினாறு வயதுப் பெண்ணிடம் தனியே ஒரு சொல் கேட்காதவர் அவ்வூரை அறிந்தவராகார்.

அரசுத் துறையில் இன்று பல நல்ல ஏற்பாடுகள் உள்ளன. சமவெளியில் 5000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியில் 3000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலையிலிருந்து இறங்கிவரும் கருவுற்ற பெண்கள் பேறுநாளுக்கு முன்னரே துணையுடன் வந்து தங்குவதற்கு அறைகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. பேற்றின்போது தாய் தனக்கு வேண்டியவரை உடன் வைத்துக்கொள்ளலாம், தனக்கு இயைந்த நிலையில் அமர்ந்தோ நின்றோ பெறலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனமே 2018இல் பரிந்துரைத்தது. நம் பாட்டிமார் இதனைக் கேட்டால் இதற்கா இத்தனை ஆராய்ச்சி என்பார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021 ஆகஸ்டில், பழைய தருமபுரியின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர். அடுப்படியில் கிண்டுவது கேழ்வரகுக் களியா, நியாயவிலைக் கடை அரிசிச் சோறா என்று அவர்களுக்குத் தெரியும். உப்பைக் குறையுங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள் என்று பெயர் சொல்லிச் சொல்ல அவர்களால் முடியும்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆவீர்கள்; பலர் ஆகமாட்டீர்கள். இரு சாராரும் செய்யக்கூடிய வேலை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரிடம் நோய்களின் பெயர்களைக் கேளுங்கள். அகராதிப் பெயரை அன்று. அவர்கள் வழங்கும் பெயரை. எந்தப் பெயருக்கு என்ன அடையாளம் சொல்கிறார்கள், அது எதனால் வருகிறது என்கிறார்கள், முதலில் யாரிடம் போகிறார்கள், எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவு செய்கிறார்கள், அம்முடிவை வீட்டில் யார் எடுக்கிறார்கள் என்பவற்றையும் எழுதுங்கள். திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். ஐம்பது சொல் சேர்ந்ததும் ஒரு படி எடுத்து, உங்கள் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியரிடம் கொடுங்கள். அவர் வேறு மாவட்டத்திலிருந்து போன மாதந்தான் மாற்றலாகி வந்திருக்கக்கூடும்.